ஏலத்துக்குப் போகிற நாளில் மாத்திரை

"நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாதுங்க." போன தை மாதம் முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொன்னவர் என் உறவுக்காரர், டாக்டர். எதிர் வரிசையில் காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை தலை நிமிர முடியாமல் நோயாளிகளைப் பார்க்கிறவர். ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம். சோற்றைக் குறைங்க, நடங்க, மாத்திரையை விடாதீங்க என்று வருஷக்கணக்காகச் சொல்லியும், அதே ஆள் அதே சர்க்கரையோடு மறுபடி வந்து நின்றால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. பந்தியை விட்டு எழுந்த பிறகும், அதற்கப்புறம் பல நாளும் உறுத்திக்கொண்டே இருந்தது. எவ்வளவு சொன்னாலும் ஏறாதவர் என்று எங்கள் குடும்பமே முடிவு கட்டி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். என் அத்தை, அப்பாவின் அக்கா.

அத்தை கடலூர் முதுநகரில் இருக்கிறார். ஊரில் யாரும் முதுநகர் என்று சொல்வதில்லை, ஓ.டி.தான், ஓல்டு டவுன் என்பதன் சுருக்கம். மாமா தவறிப் பல வருஷமாகிறது. துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைத் திருப்பாப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் கொண்டுபோய் விற்பது அத்தையின் தொழில். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால், கூடை காலியாகி வீடு திரும்ப மத்தியானம் ஆகிவிடும். சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை எப்போது எடுத்தாலும் 9-க்கு மேல்தான் இருக்கும். பொதுவாக 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும், வயதானவர்களுக்கு டாக்டர்கள் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் பிறகு மாத்திரையின் அளவு ஏறும், வீட்டில் திட்டும் ஏறும். மகன் திட்டுவான், மருமகள் பக்குவமாகச் சொல்லிப் பார்ப்பாள், திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்வார்கள், தலையில் மீன் கூடையோடு தெருத் தெருவாக நடக்கிறவரிடம். அத்தை எல்லோருக்கும் தலையாட்டுவார். "சரிப்பா, இனிமே பாத்துக்கறேன்." அடுத்த பரிசோதனையிலும் அதே 9. எல்லோரிடமும் ஒரே விளக்கம்தான் இருந்தது: வாய்க்கட்டுப்பாடு இல்லை.

நான் புதுச்சேரியில் குடியிருக்கிறேன். நாடு முழுவதும் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்து 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வைப் படித்தபோது எங்கள் ஊரின் பெயர் இருந்த இடம் நெஞ்சில் தைத்தது. நாடு முழுவதும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். இருபது வயதைத் தாண்டியவர்களில் 11.4 சதவீதம். மாநில வாரியாகப் பார்த்தால் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம், அடுத்தது புதுச்சேரி, 26.3. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் எந்த மேசையிலும் ஒருவர். நோய் இன்னும் வராமல் அதன் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் நாட்டில் 13 கோடியே 60 லட்சம். இவ்வளவு பேரையும் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட்டால் நோய் எங்கிருந்து வருகிறது, ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்பதைப் பற்றி நாம் யோசிப்பதையே நிறுத்திவிட்டோம் என்று பொருள். சோற்றைக் குறைக்க வேண்டும் என்பது இந்த 26 சதவீதத்தில் யாருக்குத் தெரியாது? ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மே மாதக் கணக்கு

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். அத்தையின் தெருவுக்கு வருகிறவர் அதே ஓ.டி.க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் வேண்டாம், அவர் விரும்ப மாட்டார். வந்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். தெருவில் நடந்தது, பையனின் படிப்பு, வஞ்சிரம் என்ன விலை போனது என்று பேச்சு எங்கெங்கோ போகும். நான் அதை வெறும் ஊர்க்கதை என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவே அவர் அத்தையின் நாள் எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு மணி நேரமாகத் தெரிந்துகொண்டிருக்கிறார் என்பது பிற்பாடுதான் விளங்கியது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். அளந்த எண்களை எழுதி வைக்கும் நோட்டை அந்தப் பெண் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, எல்லா மாசமும் இருநூத்தி அறுபது, இருநூத்தி எண்பதுன்னு இருக்கு. மே மாசம் மட்டும் நூத்தி அறுபது. போன வருஷ மே மாசத்துலயும் கம்மியாத்தான் இருக்கு. அப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அத்தைக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "என்ன பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. தடைக்காலம், வூட்லதான் கெடந்தேன்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலக்கூடத்தில் கூட்டம் இருக்காது, அத்தையும் போக மாட்டார். "வீட்ல இருந்தா காலைல எத்தினி மணிக்குச் சாப்புடுவீங்க?" "எட்டு மணிக்கெல்லாம் சாப்புட்டுருவேன்." "ஏலத்துக்குப் போற நாள்ல?" "அன்னிக்கு ஏது சாப்பாடு? வித்துட்டு வந்துதான். பதினொண்ணும் ஆவும், பன்னெண்டும் ஆவும்." அந்தப் பெண் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரலை ஏற்றாமல், விலை விசாரிக்கிற மாதிரி கேட்டார். "அன்னிக்குக் காலை மாத்திரை எப்ப போடுவீங்க?" அத்தை பதில் சொல்லவில்லை. உள்ளே மருமகள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். "போடறதில்ல" என்றார்.

அதற்கப்புறம் அத்தை சொன்னது எங்கள் யாருக்கும் தெரியாது. சில வருஷத்துக்கு முன்னால், மூன்றரை மணிக்கு டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போயிருக்கிறார். மீன் எடுத்துக்கொண்டு திருப்பாப்புலியூரில் இறங்கும்போது உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நாக்குக் குழறியிருக்கிறது. நடை தள்ளாடிக் கூடையோடு விழுந்திருக்கிறார். சுற்றி நின்றவர்களில் ஒருவன், காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்திருக்கு பாரு என்று சொல்லியிருக்கிறான். அத்தை வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்த அண்ணன் ஒருவரைப் பறிகொடுத்தவர். டீக்கடைக்காரர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகு எழுந்து உட்கார்ந்து, மீதி மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் வாயே திறக்கவில்லை. அந்தச் சொல் வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அன்றிலிருந்து ஏலத்துக்குப் போகிற நாளில் காலை மாத்திரை கிடையாது. சுருக்குப்பையில் எப்போதும் நாலு மிட்டாய். கொஞ்சம் படபடப்பாக இருந்தாலும் டீக்கடையில் இனிப்பு பன் வாங்கித் தின்றுவிடுவார். எங்கள் வீட்டில் வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பன்னையும் மிட்டாயையும்தான்.

நடந்தது மருத்துவப்படி எளிதாக விளங்கக்கூடியது. அத்தைக்குக் கொடுத்திருந்தவற்றில் ஒன்று கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற வகை. காலைச் சாப்பாட்டை ஒட்டிப் போட வேண்டிய மாத்திரை அது. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் கூடை சுமந்து நடந்தால், ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வேர்வை, நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம் எல்லாம் அதன் அடையாளங்கள். பார்க்கிறவர்கள் குடிபோதை என்று நினைப்பது உலகம் முழுவதும் நடக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம். ஆக, அத்தை பயந்ததில் தப்பே இல்லை, சரியான காரணத்துக்காகத்தான் பயந்தார். ஆனால் அவர் மாத்திரையை விட்ட விஷயம் ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. தினமும் போட்டும் சர்க்கரை குறையவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அளவு கூடக் கூட அத்தையின் பயமும் கூடியிருக்கிறது. திட்டுக்குப் பயந்து என்றைக்காவது ஒரு நாள் அந்தக் கூட்டிய அளவை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

அந்தப் பெண் இதைக் கேட்டுவிட்டு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அதை நான் மறக்கவே மாட்டேன். என் நாக்கின் நுனியில் அதுதான் இருந்தது. அவர் சொன்னது வேறு. "விழுந்த மறுநாளும் ஏலத்துக்குப் போனீங்களா?" "போவாம? கடன் யாரு கட்டறது?" "மயக்கம் வரக்கூடாதுன்னுதானே மாத்திரைய நிறுத்துனீங்க. சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. மயக்கமும் வராம, சர்க்கரையும் ஏறாம இருக்க வழி இருக்கான்னு டாக்டரம்மாவைக் கேக்கலாமா? வேணும்னா நானும் கூட வரேன்." அத்தை யோசித்தார். விழுந்த கதையை மருமகளிடம் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். (பிறகு அவரே சொல்லிவிட்டார். எழுதவும் சம்மதம் கொடுத்தார்.) ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, கிளிமிபிரைடின் அளவைக் குறைத்து, அதைப் போடும் நேரத்தை அத்தை உண்மையிலேயே சாப்பிடுகிற நேரத்துக்கு மாற்றினார். தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், கால் மணி நேரம் உட்கார வேண்டும், சரியானதும் சாப்பிட வேண்டும்.

திட்டினால் என்ன ஆகும்

இந்த மாதிரி வேலையை ஹெல்த் கோச் என்ற பெயரில் வெளிநாடுகளில் முறையாகச் செய்கிறார்கள் என்று அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் அரசுப் பொது மருத்துவர் நிலையங்களிலேயே இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2017 முதல் தேசிய அளவில் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்ளும் பேச்சு முறையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் குடிநோயாளிகளிடம் போய் நிற்கிறது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, பின்னால் ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து வளர்த்த முறை. மில்லரும் அவர் கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்ட ஒரு ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. ஆலோசனை சொல்கிறவர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து மல்லுக்கட்டினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஒரு வருஷம் கழித்து அந்த ஆள் அதிகமாகக் குடித்திருக்கிறார். குடிப்பவர் இருக்கும் வீடுகள் நிறைந்த ஊரில் வளர்ந்தவள் நான். திட்டு, சத்தியம், அழுகை, மறுபடி திட்டு என்று போகும் அந்தச் சுழலை ராத்திரி ராத்திரியாகக் கேட்டிருக்கிறேன். திட்டுகிற பெண்களின் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை, அவர்களுக்கு வேறு என்ன கொடுத்திருக்கிறோம்? ஆனால் ஒரு மனிதனை மூலையில் தள்ளிக் கேள்வி கேட்டால், தான் ஏன் மாற முடியாது என்பதற்கான காரணங்களைத்தான் அவன் வாய் எடுத்துவைக்கும். எடுத்துவைக்க வைக்க அவனே அதை நம்பிவிடுவான். அதனால்தான் இந்த முறையில் மாறுவதற்கான காரணத்தை அந்த ஆளின் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறார்கள்.

டாக்டரைப் பார்த்து வந்த பிறகு நடந்ததிலும் இதே வழிதான். ஏலம் முடிந்ததும் எதையாவது சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். என்ன சாப்பிடுவது? வீட்டில் ஓட்ஸ் என்றார்கள். அந்தப் பெண் அத்தையையே கேட்டார். முதல் நாள் மீன் குழம்போடு ரெண்டு இட்லி, டப்பாவில் எடுத்துப் போகிறேன், ஏழு மணிக்கு வெளியே வந்து சாப்பிடுகிறேன் என்று அத்தை சொன்னார். "பத்து நாள்ல எத்தினி நாள் முடியும்னு நெனைக்கிறீங்க?" "ஆறு நாள்." நானாக இருந்தால் பத்து நாளும் வேண்டும் என்று சொல்லியிருப்பேன், மகன் நிச்சயம் சொல்லியிருப்பான். அவர், "ஆறு நாள் போதும். ஏன் மூணுன்னு சொல்லல?" என்று கேட்டார். ஏன் குறைவாகச் சொல்லவில்லை என்று கேட்டால் அந்த ஆள் தன்னால் முடியும் என்பதற்கான காரணத்தை யோசிக்க ஆரம்பிக்கிறார். மில்லரும் ரோல்னிக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கும் கேள்வி அது. அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன், சுய உதவிக் குழுவில் கடன் தவணை பேசிப் பேசி வந்த பழக்கம் என்றார். ஆறு நாள் என்றது முதலில் நாலு நாளாகத்தான் ஆனது. மீன் வரத்து அதிகமான நாளில் டப்பா திறக்கப்படாமலே திரும்பி வந்தது. அதற்கும் அவர் கண்டிக்கவில்லை. யாரோடு சேர்ந்து சாப்பிட்டால் மறக்காது என்று கேட்டார். பக்கத்தில் கூடை வைக்கும் இன்னொரு அம்மாவின் பெயரைச் சொன்னார் அத்தை. இப்போது இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

இதெல்லாம் ஒரு தனி ஆளின் கைராசி என்று நினைக்கத் தோன்றும். இல்லை. 2002-ல் அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு முடிவு வந்தது. நோய் வரும் எல்லையில் இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு ஆளுக்கொரு கோச் கொடுத்து, முதல் 24 வாரத்தில் 16 முறை தனியாக உட்கார்ந்து பேச வைத்தார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு, அவ்வளவுதான் இலக்கு. அவர்களில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுத்த பிரிவில் 31 சதவீதம். பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது குறைத்த எடை பெரும்பாலும் திரும்ப ஏறிவிட்டிருந்தது. அப்போதும் நோய் வருவது 34 சதவீதம் குறைவாகவே இருந்தது. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் கிடைத்த குறைவு 28.5 சதவீதம். அமெரிக்காவை விடக் குறைவுதான், ஆனால் நம் மக்கள், நம் சாப்பாடு. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம் உண்டு. ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்கிறவர்களையும், வேலைக்காக அரை மணி நேரத்துக்கு மேல் நடப்பவர்களையும் அவர்கள் புதிதாக நடக்கச் சொல்லவில்லை. செய்வதை அப்படியே செய்யுங்கள் என்றார்கள். கூடை சுமக்கிற பெண்ணை நடைப்பயிற்சிக்கு அனுப்பாத ஆய்வு. ஆளைப் பார்த்துப் பேசுவது என்றால் இதுதான். அதே குழு 2013-ல் கைப்பேசிக் குறுஞ்செய்திகளை வைத்தே 537 ஆண்களிடம் 36 சதவீதம் குறைவு காட்டியது. நேரில் அடிக்கடி வர முடியாத இடத்தில், விடாமல் தொடர்பில் இருப்பதற்கே எவ்வளவு பலன் இருக்கிறது என்று அது காட்டுகிறது.

பவுடர் விற்கிறவர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கை. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஹெல்த் கோச் என்று பலகை வைத்துக்கொண்டு எடை குறைக்கும் பவுடர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் இலவச எடை பரிசோதனை, அப்புறம் ஷேக், அப்புறம் மாதத்துக்கு இத்தனை டப்பா. நம் நாட்டில் இந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலைதான் இருக்கிறது. என் கருத்து உறுதியானது: உங்களிடம் எதையாவது விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவர் உங்கள் கோச்சாக இருக்க முடியாது. நீங்கள் ஒரு நாள் அவர் தேவையில்லாமல் தேறிவிட வேண்டும் என்பதுதானே அந்த வேலையின் நோக்கம்? மாத்திரையை நிறுத்துங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். அத்தையின் தெருவுக்கு வரும் பெண் மாத்திரையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது டாக்டர் வேலை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். நெஞ்சுவலி, காலில் ஆறாத புண், திடீரென்று மங்கும் பார்வை, உயிரே வேண்டாம் என்ற பேச்சு, இவற்றில் எதைக் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு செயலி வழியாகக் கோச் வசதி கொடுத்தார்கள். பேசிய பெண் அன்பானவர், படித்தவர். எத்தனை அடி நடந்தேன், எத்தனை கிளாஸ் தண்ணீர் குடித்தேன் என்ற கணக்கை வாரா வாரம் பார்ப்பார். ஆனால் நான் கடலூருக்குப் போய் வரும் நாட்களில் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டில் நுழைகிறேன், அதற்கப்புறம் சமைப்பது யார் என்பதைக் கேட்கும் இடமே அந்தச் செயலியில் இல்லை. கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டவை. அவர் மேல் குறையில்லை, அவருக்குக் கொடுத்த கட்டம் அவ்வளவுதான். மாதச் சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கிற இந்த வசதியை விட, ஓ.டி. திண்ணையில் கிடைத்தது எத்தனையோ மடங்கு நல்லது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அதனால்தான் என் ஆசை இந்தப் பக்கம் திரும்புகிறது. தெருவையும் அதில் இருக்கிறவர்களையும் அறிந்த பெண்கள் தமிழ்நாடு முழுவதும் வீடு வீடாக ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரியிலும் வீடுகளுக்குப் போகும் ஆஷா பணியாளர்களும் கிராமப்புற செவிலியர்களும் இருக்கிறார்கள். புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. அவர்களுக்குக் கேள்வி கேட்கும் பயிற்சி கொடுக்கலாம். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்பதோடு, எத்தனை பேருடன் கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதையும் வேலையாகக் கணக்கில் எடுக்கலாம். இதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் கேட்டபோது அவர் பயிற்சியைப் பற்றிப் பேசவே இல்லை. "எனக்கு ஒரு நம்பர் போதும். திண்ணையில இருந்து கூப்ட்டா எடுக்கற மாதிரி ஒரு டாக்டர் நம்பர்" என்றார். அவர் கண்டுபிடிக்கிற விஷயம் உடனே டாக்டரிடம் போய்ச் சேராவிட்டால் அந்தக் கண்டுபிடிப்புக்கு என்ன மதிப்பு? அத்தையின் விஷயத்தில் கூடவே நடந்து போனார். எல்லோரோடும் நடக்க அவருக்கு நாள் போதாது. அவருடைய பிள்ளைகளுக்கும் அவர் வேண்டும். இரவு பகலாக ஊரின் கவலையைக் கேட்கிறவரின் கவலையைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, உங்க அத்தைதான் என்று சிரித்தார். அது உண்மைதான். அவர் வந்தால் அத்தை முதலில் கேட்பது, நீ சாப்புட்டியா.

கடைசியாக எடுத்த ஹெச்பிஏ1சி 8-க்குச் சற்றுக் கீழே வந்திருக்கிறது. 7 இல்லை. கருவாடும் ஊறுகாயும் இன்னும் குறையவில்லை, ரத்த அழுத்தம் அப்படியே இருக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, அது இப்ப வேணாம், எனக்குச் செருப்புத்தான் வேணும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். ஏலக்கூடத்துத் தரை எந்நேரமும் ஈரம், ஐஸ், கெளுத்தி முள். அத்தை இத்தனை வருஷமும் வெறுங்காலோடுதான் நின்றார். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சோதித்துச் சொன்னதிலிருந்து முள் ஏறினாலும் தெரியாதே என்ற பயம் வந்துவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வீட்டுக்கும் தெருவுக்கும் நன்றாக இருக்கிறது, ஏலக்கூடத்து ஈரத்தில் வழுக்குகிறது. ரப்பர் பூட்ஸ் போட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து விரலிடுக்கு வெந்துபோகிறது. பின்பக்கம் வார் வைத்து, அடியில் பிடிப்புள்ளதாக ஒன்று வேண்டும். போன வாரம் அந்தப் பெண்ணும் அத்தையும் சேர்ந்து முதுநகர் கடைகளில் பார்த்தார்கள், அமையவில்லை. அடுத்த ஞாயிறு காந்தி வீதி சந்தையில் தேட இருவரும் பாண்டிக்கு வருகிறார்கள். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். என்ன சமைப்பது என்பதை அத்தையே போனில் சொல்லிவிட்டார்.